எல்லோரும் புகைக்கும் ஊரில் புகையைப் பிடிப்பது எப்படி?

நீங்கள் எழுதிக் கேட்டிருப்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே நான்கு இருக்கின்றன. உங்கள் தாத்தா 88 வயது வரை புகைபிடித்தார், நுரையீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய தங்கை சிகரெட்டைத் தொட்டதே இல்லை, நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். இன்று நல்லது என்று சொல்லும் மாத்திரையை நாளை கெட்டது என்கிறார்கள். அப்படியிருக்க, முப்பது வருடம் கழித்து வரும் ஒரு நோய்க்கு இதுதான் காரணம் என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறார்கள், சொன்னாலும் தடுக்கவா முடிகிறது என்பது உங்கள் சந்தேகம். கடைசி வரியில், அறுபது வயதாகும் அப்பா ‘இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது’ என்று சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் மருத்துவன் இல்லை. நாள்பட்ட நோய்களைப் பற்றிய ஆய்வுகளில் சேரும் தரவுகளைச் சலித்துப் பார்ப்பது என் வேலை. அப்பாவின் கேள்விக்குக் கறாரான பதில் இருக்கிறது. ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் சொன்னால் அவர் நம்பமாட்டார், நீங்களும் நம்பக் கூடாது. அதனால் அதைக் கடைசிக்கு ஒதுக்கிவைக்கிறேன்.

முதலில் தாத்தா. புகைப்பவர்களில் பெரும்பாலானோருக்கு நுரையீரல் புற்றுநோய் வருவதில்லை. புகைக்காத சிலருக்கு வருகிறது. இரண்டும் உண்மை, இரண்டையும் யாரும் மறைக்கவில்லை. ‘இவருக்கு ஏன் வந்தது’ என்பதற்கு மரபணு, தற்செயல், இன்னும் நாம் அறியாத பலவும் சேர்ந்துதான் விடை. ‘இத்தனை பேருக்கு ஏன் வருகிறது’ என்பது வேறு கேள்வி. தாத்தாவையும் அவர் தங்கையையும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்த இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்காது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள் அல்லவா, காக்கை உட்கார்ந்தும் விழாத பழங்களையும் உட்காராமலே விழுந்த பழங்களையும் எண்ணிப் பார்ப்பதுதான் எங்கள் தொழில்.

அந்த எண்ணிக்கை எப்படி நடக்கும் என்பதற்கு 1950-இல் வெளியான ஓர் ஆய்வைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நுரையீரல் புற்றுநோயால் இறந்தோர் 1922-இல் 612 பேர். 1947-இல் 9,287 பேர். காரணத்தைத் தேட ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளரும் ரிச்சர்ட் டால் என்ற மருத்துவரும் இறங்கினார்கள். டால் அப்போது புகைப்பவர். சாலைக்குப் போடும் தார்தான் காரணமாக இருக்கும் என்று அவர் ஊகித்திருந்தார். லண்டனின் 20 மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளிகளையும், அதே வயது, அதே பாலினம் கொண்ட மற்ற நோயாளிகளையும் நேரில் கண்டு பேட்டி எடுத்தார்கள். புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைக்காதவர்கள் 2 பேர். வராத 649 ஆண்களில் 27 பேர்.

இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். புற்றுநோய் இல்லாத 649 பேரில் 622 பேர் புகைத்தவர்கள். அந்தக் காலத்து ஆண்களில் ஏறத்தாழ எல்லோர் வாயிலும் சிகரெட் இருந்தது. ஒரு வார்டில் நின்று கண்ணால் பார்க்கிற மருத்துவருக்கு நோயாளியும் புகைக்கிறார், மற்றவரும் புகைக்கிறார். அதில் என்ன வித்தியாசம் தெரியும்? யார் எவ்வளவு புகைத்தார்கள், எத்தனை வருடம் புகைத்தார்கள் என்று படிப்படியாகப் பிரித்த பிறகுதான் வேறுபாடு தெளிவாக மேலே வந்தது.

அதே ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. பேட்டி எடுப்பவருக்கு எதிரே இருப்பவர் புற்றுநோயாளி என்று தெரிந்தால், தன்னை அறியாமலேயே புகைபற்றித் துருவித் துருவிக் கேட்டிருக்கலாம் என்பது நியாயமான ஆட்சேபம். அதற்கு விடை தற்செயலாகக் கிடைத்தது. நுரையீரல் புற்றுநோய் என்று நம்பிப் பேட்டி எடுக்கப்பட்ட சிலருக்குப் பிறகு நோய் அதுவல்ல என்று தெரியவந்தது. பேட்டி எடுத்தவர்களோ அவர்களைப் புற்றுநோயாளிகளாக நினைத்தே கேட்டிருந்தார்கள். அவர்களுடைய புகைக் கணக்கு புற்றுநோயாளிகளைப் போல இல்லை, மற்ற நோயாளிகளைப் போலவே இருந்தது. தவறான நோயறிதல் ஒரு ஆய்வைக் காப்பாற்றிய கதை இது. டால் இதற்குள் புகைப்பதை நிறுத்தியிருந்தார்.

ஆனாலும் நோய் வந்த பிறகு பழைய கதையைக் கேட்பதில் எப்போதும் ஓர் ஓட்டை உண்டு. நோய் வந்தவர் தன் கடந்த காலத்தைக் கிளறிக் கிளறி நினைத்துப் பார்ப்பார், வராதவர் பார்க்கமாட்டார். எனவே இருவரும் திசையை மாற்றினார்கள். 1951-இல் பிரிட்டனின் மருத்துவர்களுக்கு ஒரு சிறிய கேள்வித்தாளைத் தபாலில் அனுப்பினார்கள். புகைக்கிறீர்களா, எவ்வளவு என்பதுதான் சாரம். 40,000-க்கும் மேற்பட்டோர் பதில் எழுதினார்கள், அவர்களில் 34,439 பேர் ஆண்கள். மருத்துவர்களைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் எளிது. அவர்களுக்குப் பதிவேடு உண்டு, யார் எப்போது எதனால் இறந்தார் என்று பின்தொடரலாம். பிறகு செய்ய வேண்டியது காத்திருப்பது. 1954-இல் முதல் அறிக்கை வந்தபோது 36 பேர் நுரையீரல் புற்றுநோயில் இறந்திருந்தார்கள். அந்த 36 பேரில் புகைக்காதவர் ஒருவர்கூட இல்லை. அதோடு நிறுத்தாமல் 50 ஆண்டுகள் தொடர்ந்து, 2004-இல் கடைசிக் கணக்கை வெளியிட்டார்கள். அப்போது டாலுக்கு வயது 91.

இதயநோய்க்கும் இதே பொறுமைதான் வழி காட்டியது. அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் ரத்த அழுத்தம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டிருந்தது. வயதானால் அப்படித்தான் என்பது அன்றைய மருத்துவத்தின் பொதுவான நம்பிக்கை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்கசிவால் அவர் இறந்தார். அன்று அளந்த அழுத்தம் 300/190. மூன்று ஆண்டுகள் கழித்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 ஆண், பெண்களைச் சேர்த்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கும் ஆய்வு தொடங்கியது. இன்று எந்த மருத்துவரும் சர்வசாதாரணமாகச் சொல்லும் ‘ஆபத்துக் காரணி’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது 1961-இல் வெளியான அந்த ஆய்வின் கட்டுரை ஒன்றால்தான். முதலில் சேர்ந்தவர்களின் பிள்ளைகளை 1971-இலும் பேரப்பிள்ளைகளை 2002-இலும் சேர்த்துக்கொண்டார்கள்.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். இன்று நல்லது, நாளை கெட்டது என்ற குழப்பம் எங்கிருந்து வருகிறது? பாதி பத்திரிகைத் தலைப்புகளால் வருகிறது. மீதிப் பாதி நிஜமாகவே எங்கள் தொழிலின் குழிகளால்.

ஒரு குழியில் நானே விழுந்திருக்கிறேன். ஓர் ஆய்வில், புகைப்பவர்களைவிடப் புகைக்காதவர்கள் முதல் ஆண்டில் அதிகம் இறந்ததாக என் கணினி சொன்னது. கணக்கில் பிழை என்று இரண்டு நாள் தேடினேன். பிழை கணக்கில் இல்லை, கேள்வியில் இருந்தது. ‘புகைக்கிறீர்களா?’ என்று மட்டும் கேட்டிருந்தோம். படிவங்களை மறுபடி புரட்டியபோது ஒருவர் ‘இல்லை’ என்பதற்கு எதிரே சிறிய எழுத்தில் ‘மூன்று வாரமாக’ என்று எழுதியிருந்தார். நெஞ்சு வலி வந்ததால் விட்டவர்கள், இருமலில் ரத்தம் பார்த்துப் பயந்து விட்டவர்கள் எல்லோரும் ‘புகைக்காதவர்’ வரிசையில் போய் உட்கார்ந்திருந்தார்கள். நோய்தான் பழக்கத்தை மாற்றியிருந்தது, நாங்கள் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து ‘எப்போதாவது புகைத்ததுண்டா, எப்போது விட்டீர்கள், ஏன்’ என்று மூன்று கேள்விகள் இல்லாத படிவத்தை நான் தொடுவதில்லை.

இன்னொன்று அற்பமாகத் தோன்றும். ரத்த அழுத்தத் தரவு கையில் வந்ததும் நான் முதலில் பார்ப்பது கடைசி இலக்கம். இரட்டைப்படை அளவுகோலில் 0, 2, 4, 6, 8 ஆகியவை ஏறத்தாழச் சமமாக வர வேண்டும். பெரும்பாலும் பூஜ்ஜியங்களே கொட்டிக் கிடக்கும். 138-ஐப் பார்த்தவர் 140 என்று எழுதுகிறார். 140-தான் நோயின் எல்லைக்கோடு என்றால், பேனாவின் ஒரு சாய்வு நூற்றுக்கணக்கானோரை நோயாளி ஆக்கிவிடும். இதற்காகவே பூஜ்ஜியம் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும் அழுத்தமானியை ஒரு காலத்தில் வடிவமைத்தார்கள். அளப்பவருக்கு உண்மையான எண் கடைசியில் கழித்த பிறகுதான் தெரியும்.

பெரிய குழி வேறு இடத்தில் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுத்த பெண்களுக்கு மாரடைப்பு குறைவு என்று பல கண்காணிப்பு ஆய்வுகள், அதாவது யாருக்கும் எதையும் கொடுக்காமல் பார்த்து எண்ண மட்டும் செய்யும் ஆய்வுகள், காட்டின. லட்சக்கணக்கானோர் எடுத்தார்கள். பிறகு அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஹார்மோனும் மறுபகுதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2002-இல் அந்தச் சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டிவந்தது. ஹார்மோன் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடியிருந்தன. மாரடைப்பும் குறையவில்லை, கூடியிருந்தது. எந்த வயதில் தொடங்குகிறார்கள் என்பதையும் பொறுத்தது என்று பிறகு விவாதம் நீண்டது. ஆனால் பழைய ஆய்வுகள் ஏமாந்ததில் ஒரு பங்கு வெளிப்படையானது. தானாக முன்வந்து மாத்திரை எடுத்த பெண்கள் ஏற்கெனவே வசதியானவர்கள், தங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்பவர்கள்.

அந்த ‘கவனித்துக்கொள்ளுதல்’ எவ்வளவு பெரிய சக்தி என்பதற்கு 1980-இல் வெளியான ஒரு கணக்கு இருக்கிறது. மாரடைப்பு வந்த ஆண்களிடம் நடந்த ஒரு மருந்துச் சோதனை அது. போலி மாத்திரை பெற்றவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒழுங்காக விழுங்கியவர்கள், விழுங்காதவர்கள் என்று பிரித்தார்கள். ஒழுங்காக விழுங்கியவர்களில் ஐந்து ஆண்டுக்குள் இறந்தவர்கள் சுமார் 15 சதவீதம். விழுங்காதவர்களில் 28 சதவீதம். மாத்திரையிலோ மருந்தே இல்லை! ‘இதைச் சாப்பிடுபவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள்’ என்ற தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு எண்கள்தான் நினைவுக்கு வரும். பீட்டா கரோட்டின் கதையும் இதே வகைதான். அது நிறைந்த காய்கனிகளைச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்தது. ஃபின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் அதை மாத்திரையாகச் சோதித்தபோது, 1994-இல் வந்த முடிவு, எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம் என்பது.

அப்படியானால் புகை விஷயத்தில் மட்டும் எப்படி உறுதி வந்தது? யாரையும் குலுக்கிப் போட்டு முப்பது வருடம் புகைக்கச் சொல்ல முடியாதே. இதே கேள்வியை ரொனால்டு ஃபிஷர் கேட்டார். இருபதாம் நூற்றாண்டின் ஆகப் பெரிய புள்ளியியலாளர்களில் ஒருவர். குலுக்கல் முறைச் சோதனைக்கு அடித்தளம் போட்டவரே அவர்தான். குழாயும் கையுமாகப் புகைத்தவர், புகையிலைத் தொழிலுக்கு ஆலோசகராகவும் இருந்தார். புகைக்கத் தூண்டும் மரபணுவே புற்றுநோயையும் தரலாம் என்பது அவர் வாதம். அதற்குப் புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் சகாக்களும் 1959-இல் சொன்ன பதில் எளிமையானது. புகைப்பவருக்கு ஆபத்து 9 மடங்கு என்றால், அதை முழுக்க விளக்கக்கூடிய மறைவான எந்தக் காரணமும் புகைப்பவர்களிடம் குறைந்தது 9 மடங்கு அதிகமாகக் காணப்பட வேண்டும். அப்படி ஒன்று இருந்தால் கண்ணில் படாமலா போகும்? ஓர் உறவைக் காரணம் என்று நம்பலாமா என்பதை எடைபோட ஹில் 1965-இல் ஒன்பது அம்சங்களை முன்வைத்தார். உறவு எவ்வளவு வலுவானது, வெவ்வேறு இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறதா, காரணம் முன்னும் விளைவு பின்னும் வருகிறதா, அளவு கூடினால் ஆபத்தும் கூடுகிறதா என்று அவை போகும். அவற்றைத் தேர்வுத்தாள் போல மதிப்பெண் போட வேண்டாம் என்று அவரே எச்சரித்தார். பாடநூல்கள் அப்படித்தான் போடுகின்றன, அது வேறு விஷயம்.

மரபணுவா வாழ்முறையா என்ற சந்தேகத்துக்கு இன்னொரு வழியிலும் விடை தேடினார்கள். ஜப்பானில் வாழும் ஜப்பானிய ஆண்கள், ஹவாயில் குடியேறியவர்கள், கலிஃபோர்னியாவில் குடியேறியவர்கள் என மூன்று குழுக்களை 1960-களிலிருந்து ஒப்பிட்டார்கள். இதயநோய் ஜப்பானில் மிகக் குறைவு, ஹவாயில் நடுத்தரம், கலிஃபோர்னியாவில் மிக அதிகம். வம்சாவளி ஒன்று, கப்பல் இறங்கிய துறை வேறு. இப்போது மரபணுவையே துணைக்கு அழைக்கிறார்கள். யாருக்கு எந்த மரபணு வாய்க்கும் என்பது கருவிலேயே நடக்கும் குலுக்கல்தானே. பிறவியிலேயே ‘நல்ல கொழுப்பு’ கூடுதலாக அமையும் மரபணு உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை என்று 2012-இல் தெரிந்தது. நல்ல கொழுப்பை ஏற்றும் ஒரு மருந்தின் சோதனையோ, எடுத்தவர்கள் அதிகம் இறந்ததால் 2006-இலேயே நிறுத்தப்பட்டிருந்தது.

தடுப்புக்கு வருவோம். இங்கே ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளரைச் சொல்லாமல் நகர முடியாது. எல்லோரும் தினமும் இருபது சிகரெட் புகைக்கும் ஊரில் எந்த ஆய்வு நடத்தினாலும் நுரையீரல் புற்றுநோய் மரபணு நோய் என்றுதான் முடிவு வரும் என்று 1985-இல் எழுதினார். வேறுபாடு இல்லாத இடத்தில் காரணம் கண்ணுக்குத் தெரியாது. 622 பேர் கணக்கை நினைத்துப் பாருங்கள், லண்டன் அந்த ஊராக ஆவதற்குக் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. கென்ய நாடோடிகளின் ரத்த அழுத்தத்தையும் லண்டன் அரசு ஊழியர்களின் ரத்த அழுத்தத்தையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டினார். லண்டனில் சில நோயாளிகள் கூடுதலாக இருந்தார்கள் என்பதோடு கதை முடியவில்லை. ஊழியர்களின் வரைபடம் முழுவதுமே வலப்பக்கம் நகர்ந்திருந்தது. ‘சாதாரணமானவர்’ என்று நாம் நினைப்பவரும் கூடவே நகர்ந்திருந்தார்.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் சொல்கிறேன். 10,000 பேரில் 500 பேருக்கு ஆபத்து மிக அதிகம், பத்து ஆண்டில் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாரடைப்பு 50. மீதி 9,500 பேருக்கு வெறும் 2 சதவீதம். மாரடைப்பு 190. ஆபத்து அதிகமுள்ளவர்களைத் தேடிப்பிடித்து அவர்கள் எல்லோரையும் காப்பாற்றினாலும் பெரும்பகுதி நடந்தே தீரும். எல்லோருடைய ரத்த அழுத்தமும் சற்றே இறங்கினால் அதைவிட அதிகம் பேர்கூடத் தப்பிக்கலாம். ஆனால் தப்பித்த ஒவ்வொருவருக்கும் தான் தப்பித்தது தெரியாது. யாரும் நன்றி சொல்ல வராத வெற்றி இது, அரசியல்வாதிகளுக்குப் பிடிக்காததில் வியப்பில்லை.

நடந்து காட்டிய இடமும் உண்டு. ஃபின்லாந்தின் வட கரேலியா மாகாணத்தில் 1970-களின் தொடக்கத்தில் நடுவயது ஆண்கள் மாரடைப்பில் இறக்கும் விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. 1972-இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் ஊரையே மாற்றும் முயற்சி தொடங்கியது. வெண்ணெயும் உப்பும் புகையும் குறைய வேண்டும். ஆனால் அது பால்பண்ணை வட்டாரம், வெண்ணெயைக் குறை என்றால் பிழைப்பில் கை வைப்பது போல. எனவே விவசாயிகள் பெர்ரி பழ சாகுபடிக்கு மாற உதவினார்கள், குடும்பத் தலைவியரின் சங்கங்களோடு சேர்ந்து சமையலை மாற்றினார்கள். நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஒப்பீட்டுக்காக வைத்திருந்த பக்கத்து மாகாணத்திலும் பெரும் சரிவு ஏற்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் எவ்வளவு பங்கு இந்தத் திட்டத்தால், எவ்வளவு நாடு முழுதும் மாறியதால் என்று இன்றும் வாதாடுகிறார்கள்.

தனிமனிதரை மாற்றி நோயைத் தடுக்க முடியாது என்றும் பொருள் கொள்ளாதீர்கள். நீரிழிவின் விளிம்பில் இருந்த 3,234 பேரிடம் அமெரிக்காவில் நடந்த குலுக்கல் முறைச் சோதனையின் முடிவு 2002-இல் வந்தது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு பயிற்சி பெற்றவர்களில் நீரிழிவு 58 சதவீதம் குறைந்தது. நீரிழிவுக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களில் 31 சதவீதம். மாத்திரையை நடை வென்றது. ஆனால் அவர்களுக்குப் பக்கத்திலேயே பயிற்சியாளர் இருந்தார். வேலையும் கடனும் நேரமின்மையும் அழுத்தும் ஒருவரிடம் ‘நட’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அந்த 58 வராது. லண்டன் அரசு ஊழியர்களிடம் நடந்த மற்றோர் ஆய்வில், கடைநிலை ஊழியர்கள் இதயநோயில் இறந்த விகிதம் உயரதிகாரிகளைப் போல மூன்று மடங்குக்கும் மேல். பதவியில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆபத்து ஒரு படி ஏறியது. புகை, அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் அந்தப் படிக்கட்டு மறையவில்லை.

எல்லோரையும் பரிசோதித்து முன்கூட்டியே கண்டுபிடித்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தென் கொரியாவில் தைராய்டை ஸ்கேன் செய்து பார்க்கும் வழக்கம் பரவியபின், 1993-ஐ ஒப்பிட 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படுவது 15 மடங்கானது. அதனால் இறப்போர் எண்ணிக்கை அசையவே இல்லை. இருந்த இடத்தில் சும்மா இருந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் கழுத்தில் அறுவைத் தழும்பு வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது உங்கள் அப்பா. மருத்துவர்களை 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த அந்த ஆய்வில், 1900-க்கும் 1930-க்கும் இடையே பிறந்து கடைசிவரை புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தில் சுமார் 3 ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன. இது சராசரி. அவருக்கு மூன்று கிடைக்குமா, பத்து கிடைக்குமா, ஒன்றுமே கிடைக்காதா என்று தாத்தாவைப் போலவே அவர் விஷயத்திலும் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ‘இனி பயனில்லை’ என்ற வாதத்தை அந்த 3 உடைத்துவிடுகிறது. கேள்வியில் உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை, புகைப்பீர்களா என்றும் எழுதவில்லை. ஒருவேளை புகைப்பவராக இருந்தால் உங்கள் வரிசை வேறு. 50-இல் விட்டவர்களுக்கு 6 ஆண்டுகள், 40-இல் விட்டவர்களுக்கு 9, 30-இல் விட்டவர்களுக்கு ஏறத்தாழ முழுப் பத்தும்.